ஒன்பதாம் பக்கத்துக் கால்

உண்மையைச் சொல்லிக் கெட்டவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொய் சொல்லிக் கெட்டவர்களையும் தெரிந்திருக்கும். எழுதிக் கொடுத்ததை மாற்றக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு மனிதனின் நன்றாக இருந்த இடது காலை முறித்தவனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். இதை எழுதுகிறவன்தான் அவன். (கையால் முறிக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தால்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில், தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் வெல்டிங் படித்துக்கொண்டிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே என்னை அடையாளம் காணக்கூடிய ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கல்லூரியில் தமிழர் என்று நானும் சேவியரும் மட்டும்தான். சேவியர் மன்னார்க்காரன், கத்தோலிக்கன், என்னைவிட இரண்டு வயது இளையவன். இருவருக்கும் ஒரே அறை, ஒரே சட்டி, ஒரே குளிர்.

எனக்கு அப்போது 'அப்புக்காத்து' என்று பட்டப்பெயர், அதாவது வக்கீல். சட்டம் படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் நீதிமன்றத்தின் மதிலைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அகதி முகாமில் இருந்தபோது எங்கள் ஆட்களுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். கேஸ் எழுதுவது என்று சொல்லுவோம். ஏழெட்டுப் பேருக்கு எழுதினேன், அதில் ஆறு பேருக்கு விசா கிடைத்தது. அவர்களுடைய கதை உண்மையாக இருந்ததால் கிடைத்தது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் எழுத்தால்தான் கிடைத்தது என்று நம்பினேன், மீசையையும் கொஞ்சம் வளர்த்தேன்.

என் முறைக்குச் சில சட்டங்கள் இருந்தன. பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சம்பவம் நடந்த இடத்துக்குப் படம் கீற வேண்டும். மூன்று பிரதி எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், கொடுத்த வாக்குமூலத்தைச் செத்தாலும் மாற்றக்கூடாது. முகாமில் ஒருவர் இருந்தார். முதல் விசாரணையில் செவ்வாய்க்கிழமை என்றவர் இரண்டாவதில் புதன்கிழமை என்று சொன்னதால்தான் அவருடைய கேஸ் விழுந்தது என்று எங்களுக்குள் ஒரு கதை. அது உண்மையோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் பெட்டி கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு 'செவ்வாயா புதனா' என்ற பயம் எங்கள் ஒருவரையும் விட்டுப் போகவில்லை.

சேவியருக்கு விசா கிடைத்துவிட்டது. அவனுடைய கவலை வேறு. கலியாணம் கட்டி நாலே மாதத்தில் மனைவி ரெஜினாவை மன்னாரில் விட்டுவிட்டு வந்தவன். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு இருபது மாதமாகியும் பதில் இல்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் குடும்பக் கோப்புகள் எல்லாமே அப்படித்தான் நின்றுபோயிருந்தன. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள்தான் ஏதோ பிழைவிட்டோம் என்று நினைத்தோம். கையெழுத்துச் சரியில்லையோ, படத்தில் சிரித்துவிட்டாளோ என்றெல்லாம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டோம். (கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. அதனால் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. ஆனால் அது பிறகு.)

தபால்காரர் காலை பதினொரு மணிக்கு வருவார். பத்தரையிலிருந்தே சேவியரின் முகம் மாறிவிடும். வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னாலும் அது தெரியும். அவர் வந்து போன பிறகு அன்றைய மீதிப் பொழுதை அவன் எப்படியோ இழுத்துக்கொண்டு போவான்.

அப்படிப்பட்டவனைத் தூக்கி நிறுத்தியது கல்லூரியின் உதைபந்தாட்ட அணி. வலது ஓரத்தில் ஓடுவான். பந்து காலுக்கு வந்தால் பிறகு அவனைப் பிடிக்க முடியாது. டெனிஷ்காரப் பெடியள் அவனுடைய பெயரைச் சுருக்கி 'சாவி' என்று கூப்பிட்டுத் தோளில் அடிப்பார்கள். ஒருநாள் சொன்னான்: "அண்ணை, பந்துக்குப் பின்னாலை ஓடேக்கை மட்டுந்தான் நான் தபால்காரனை நினைக்கிறேல்லை. அந்தத் தொண்ணூறு நிமிசமும் இல்லையெண்டால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

நானும் அந்த அணியில் இருந்தேன். மாற்றுக் கோல்காப்பாளர். எதிரணியின் கோலுக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பதே என் வேலை.

அந்தச் சுற்றுப்போட்டியில் ஒரு விதி இருந்தது. ஒரு மாணவன் ஒரு பருவம் மட்டுமே விளையாடலாம். கெட்டிக்காரர்களை வருடக்கணக்கில் கல்லூரியில் வைத்திருந்து கிண்ணத்தை அள்ளக்கூடாதாம். ஆனால் மூன்று ஆட்டங்களுக்குள் காயப்பட்டுப் பருவத்தை இழந்தால், அந்தப் பருவம் கணக்கில் சேராது. குழுவுக்கு விண்ணப்பித்து அடுத்த பருவத்துக்குத் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். (விதிப்படி பார்த்தால் என் தகுதி இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. நான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.)

மூன்றாவது ஆட்டத்தில், மழையில், சேவியர் பந்தோடு என்னை நோக்கி ஓடி வந்தான். பின்காவலன் ஒருவன், நல்ல கொழுத்த பெடியன், சறுக்கி வந்து அவனுடைய கணுக்காலுக்கு மேல் விழுந்தான். மடக் என்று ஒரு சத்தம்.

காலில் பிளாஸ்டர் போட்டார்கள். அன்று பின்னேரம் பயிற்சியாளர் அறைக்கு வந்து ஒரு படிவத்தைத் தந்துவிட்டுப் போனார். நாலு வரி. பெயர், வகுப்பு, ஆடிய ஆட்டங்கள், காயப்பட்ட நாள்.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை. "என்ன விசர்ப் படிவம் இது? நாலு வரியிலை ஒரு மனிசன்ரை கேஸைச் சொல்லேலுமே?" என்றேன்.

"அண்ணை, அவை கேட்டது நாலு வரிதானே?" என்றான் சேவியர்.

"கேக்கிறது அவை. நிரூபிக்கிறது நாங்கள். நீ படு."

கல்லூரி அலுவலகத்தில் ஒரு தட்டச்சு இயந்திரத்தை இரவல் வாங்கினேன். என் டெனிஷ் அப்போது பதினொரு மாதக் குழந்தை. அகராதியை மடியில் வைத்து மூன்று நாள் தட்டினேன். பதினாலு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் சேவியர் பிறந்தான். மூன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூடம் போனான். ஆறாம் பக்கத்தில் நாட்டை விட்டு வெளிக்கிட்டான். ஒன்பதாம் பக்கத்தில்தான் கால் முறிந்தது. மைதானத்துக்கு அம்புக்குறி போட்டுப் படம் கீறினேன், மழை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்பதையும் காட்டினேன். சாட்சியாக நானே கையெழுத்து வைத்தேன். கடைசிப் பந்தியில், பழக்கதோஷத்தில் கை தன்பாட்டில் போய், "மேற்கூறிய காரணங்களால், நான் மைதானத்து ஓர வாங்குப் பலகைக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் எனது நிலை பெரும் ஆபத்துக்குள்ளாகும்" என்று முடித்தது. நாலு வரிப் படிவத்தில் ஒவ்வொரு வரியிலும் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, மூன்று பிரதி எடுத்துத் தபாலில் சேர்த்தேன்.

வழக்கமாக அந்தக் குழு ஒருவரையும் கூப்பிடுவதில்லையாம். படிவத்தைப் பார்த்து, சரி என்று எழுதி அனுப்பிவிடுமாம். எங்களைக் கூப்பிட்டார்கள். 'உங்கள் கடிதம் எங்களுக்கு முழுக்க விளங்கவில்லை. வருகிற வியாழக்கிழமை பின்னேரம் கோப்பி குடிக்க வர முடியுமா?' என்று எழுதியிருந்தது.

"கோப்பியாம்! கோப்பி குடுத்துத்தான் வாயைக் கிளறுவினம்," என்றேன் நான்.

சேவியர் அப்போதுதான் என் வாக்குமூலத்தின் பிரதியை முதல்முறையாக வாசிக்க எடுத்தான். ஒன்பதாம் பக்கத்தில் அவனுடைய விரல் நின்றது.

"அண்ணை, இதிலை இடது கால் எண்டெல்லே கிடக்கு?"

"என்ன?"

"முறிஞ்சது வலது கால்."

நான் அவனுடைய பிளாஸ்டரைப் பார்த்தேன். பக்கத்தைப் பார்த்தேன். மறுபடி பிளாஸ்டரைப் பார்த்தேன். என்ன நடந்ததென்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவன் என்னை நோக்கி ஓடி வந்தவன். நான் நின்ற இடத்திலிருந்து படம் கீறி, என்னுடைய இடது பக்கத்தில் விழுந்த காலை அவனுடைய இடது கால் என்று எழுதிவிட்டேன்.

அந்த இடத்தில் மூளையுள்ள எவனும் ஒரு கடிதம் போட்டிருப்பான். 'மன்னிக்கவும், வலது கால்' என்றால் கதை முடிந்திருக்கும். நான் மூளையுள்ளவன் அல்ல, அப்புக்காத்து.

"அனுப்பியாச்சு. இனி அது இடதுதான்," என்றேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? பிளாஸ்டர் வலதிலை கிடக்கு!"

"செவ்வாயெண்டு சொன்னவன் புதனெண்டு சொன்னதாலை என்ன நடந்தது? நீ அந்தாளைப் பாத்தனிதானே? இந்த நாட்டிலை ஒரு கந்தோருக்குக் குடுத்த பேப்பர் மற்றக் கந்தோருக்குப் போகாது எண்டு உனக்கு ஆர் சொன்னது? இண்டைக்குக் காலை மாத்திச் சொன்னியெண்டு ஒருத்தன் எழுதிவைச்சால், நாளைக்கு ரெஜினான்ரை ஃபைலைத் திறக்கிறவன் என்ன நினைப்பான்? பொய்காரனெண்டு நினைக்கமாட்டானே?"

ரெஜினாவின் பெயரைச் சொன்னதும் அவன் பிரதியை மடித்து வைத்துவிட்டான். அதை நான் சொல்லியிருக்கக்கூடாது. விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினேன். ஆனால் அவனுடைய முகம் பத்தரை மணி முகமாக மாறியதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை.

மிச்ச நாட்கள் முழுக்கப் பயிற்சி. நான் அதிகாரி, அவன் சேவியர்.

"எந்தக் கால்?"

"இடது கால்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

"அப்ப வலதிலை ஏன் பிளாஸ்டர்?"

யோசித்து யோசித்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் சேவியரின் நல்ல இடது காலைச் சுற்றி நாலு முழத் துணிக்கட்டுப் போட்டேன். வலதில் பிளாஸ்டர், இடதில் கட்டு. பார்க்கிறவனுக்கு எது எதென்று தெரியாதாம். ஊன்றுகோல் இரண்டையும் பிடித்து எழும்பியவனுக்கு எந்தக் காலை நிலத்தில் வைப்பதென்று தெரியவில்லை. பஸ்ஸுக்குள் சாரதியும் நானுமாகச் சேர்ந்துதான் அவனை ஏற்றினோம். ஒரு டெனிஷ் அம்மா எழும்பி இடம் விட்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

குழு கூடியது விளையாட்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில். மூன்று பேர். தலைவர் ஸ்வென், அந்த ஊர்ப் பேக்கரிக்காரர். பெரிய உடம்பு, கைமயிரில் மா ஒட்டியிருந்தது. பக்கத்தில் பிர்கித் என்று ஒரு உடற்பயிற்சி ஆசிரியை. மூன்றாவது ஆள் ஒரு கமக்காரர், கடைசிவரை வாயே திறக்கவில்லை. மேசையில் கோப்பியும், ஸ்வென் தன் கடையிலிருந்து கொண்டுவந்த வெண்ணெய்ப் பணியாரமும், எங்கள் பதினாலு பக்கமும் இருந்தன.

பணியாரத்தை நீட்டினார்கள். தொடவேண்டாம் என்று நான் சேவியருக்குக் கண்ணைக் காட்டினேன்.

ஸ்வென் சேவியரின் இரண்டு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு கால்தான் முறிந்தது என்று பயிற்சியாளர் சொன்னாரே," என்றார்.

"ஒன்பதாம் பக்கம்," என்றேன் நான்.

"வாசித்தேன். அதில் இடது என்று இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தில் வலது என்று இருக்கிறது. அதைத்தான் கேட்கக் கூப்பிட்டோம். எந்தக் கால்?"

சேவியர் நிமிர்ந்து இருந்தான். "இடது கால்," என்றான், திருத்தமான டெனிஷில். நாலு நாள் பயிற்சி வீண் போகவில்லை.

"அப்படியென்றால் பிளாஸ்டர்?"

நான் எழும்பினேன். எனக்கு ஏன் அப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. "அது ஆஸ்பத்திரியில் விட்ட பிழை," என்றேன்.

பேக்கரிக்காரர் கோப்பியை வைத்தார். கதிரையைத் தள்ளி, அந்தப் பெரிய உடம்போடு நிலத்தில் முழந்தாளில் இருந்தார். பிளாஸ்டருக்கு மேலே தெரிந்த வீங்கிய இடத்தை விரலால் தொட்டார். "இங்கே நோகிறதா?"

சேவியரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லை," என்றான்.

இடது காலின் கட்டை மெல்லத் தொட்டார். "இங்கே?"

"ஐயோ! மாதாவே!" என்று சேவியர் கத்தினான். நான் சொல்லிக் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு நன்றாகக் கத்தினான். அந்த இடத்தில் துணி அவிழ்ந்து, நாலு முழமும் மண்டபத்து நிலத்தில் உருண்டு போனது. உள்ளே வடிவான, சுகமான, ஒரு கீறல்கூட இல்லாத கால்.

ஸ்வென் அந்தக் காலைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து சேவியரைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் சிரிக்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மேசைக்கு அடியில் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

பிர்கித்தான் கேட்டாள், ஆறுதலாக, என்னைப் பார்த்து: "வலது கால் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று இவர் நினைக்கிறார்? கேட்டுச் சொல்லுங்கள்."

நான் தமிழில் கேட்டேன். சேவியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"ரெஜினா வரமாட்டாள் எண்டு சொல்லுங்கோ, அண்ணை. நான் மாத்திக் கதைச்சால் அவளின்ரை ஃபைலைத் தூக்கி எறிஞ்சிடுவினம் எண்டு சொல்லுங்கோ. இருபது மாசமாய் நான் என்ன பிழை விட்டனான் எண்டு எனக்குத் தெரியேல்லை. இன்னொரு பிழை விட ஏலாது எண்டு சொல்லுங்கோ."

நான் டெனிஷில், "இவர் பயப்படுகிறார்," என்றேன்.

"அதைவிட நிறையச் சொன்னார்," என்றாள் பிர்கித்.

ஓம், நிறையத்தான் சொன்னான். நான் மறுபடி தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவனை அந்தப் பயத்துக்குள் தள்ளிவிட்டவனே அதை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது.

நான் முடித்ததும் ஸ்வென் நிலத்திலிருந்து எழும்பி, முழந்தாளைத் தட்டிவிட்டு, கதிரையில் இருந்தார். எங்கள் பதினாலு பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"இது எங்கேயும் போகாது. நான் பாண் சுடுகிறவன். இவள் பிள்ளைகளை ஓடவைக்கிறவள். இவன் பன்றி வளர்க்கிறவன். எங்களுக்கு ஒருவரையும் தெரியாது, எங்களையும் ஒருவருக்கும் தெரியாது," என்றார். பிறகு சேவியரிடம் கேட்டார்: "எத்தனை ஆட்டம் ஆடினாய்?"

சேவியர் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூன்று," என்றான்.

"எந்தக் கால்?"

நிலத்தில் அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தான். பிறகு, "வலது," என்றான். சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு யாராவது வருவார்களோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

ஸ்வென் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். இந்தப் பருவம் கணக்கில் சேராது, அடுத்த பருவம் ஆடலாம் என்று. மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். நாங்கள் போய் அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிறகு பணியாரத் தட்டை மறுபடி நீட்டினார். சேவியர் இரண்டு துண்டு எடுத்தான். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பஸ்தரிப்பில் அவன் அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தான். "கேட்டவுடனை தந்திட்டினம், அண்ணை," என்றான். "கேட்டவுடனை." நான் சுருட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

வசந்தத்தில் பிளாஸ்டர் போன காலோடு மைதானத்துக்கு இறங்கினான். பழைய ஓட்டம் வரவில்லை, முதல் ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆனாலும் தொண்ணூறு நிமிடமும் ஓடினான். பந்து வெளியே வந்தபோதெல்லாம் நான் பொறுக்கிக் கொடுத்தேன்.

அந்த வருடம் கோப்புகள் அசையத் தொடங்கின. கோடை முடியுமுன் ரெஜினாவுக்கு விசா வந்தது. விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். இந்த இடத்தில் இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதங்களையும் உடைத்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, ரெஜினாவுக்கு எழுதும்போதும் இடது கால் என்றே எழுதச் சொன்னது நான்தான். விசாரணை முடிந்த பிறகும், 'தூரத்திலை இருக்கிற பிள்ளையைக் குழப்பாதை, அப்பிடியே விடு' என்று சொன்னதும் நான்தான்.

ரெஜினா வெளியே வந்தாள். மெலிந்து, ஒரு சின்னப் பையோடு. மூன்று வருடத்துக்குப் பிறகு புருசனைக் கண்டவள் கட்டிப்பிடிக்கவில்லை. நேரே குனிந்து அவனுடைய இடது சப்பாத்தைக் கழற்றினாள். கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இதிலை ஒண்டுமில்லையே?" என்றாள்.

சேவியர் மெல்ல வலது காலை நீட்டினான். கணுக்கால் எலும்பு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது.

"இதுவோ? அப்ப ஏன் இடதெண்டு எழுதினீங்கள்? நான் மடுக் கோயிலுக்கு இரண்டு தரம் நடந்து போனனான். மாதாவுக்கு வெள்ளியிலை இடது கால் செய்து குடுத்தனான்!"

சேவியர் என்னைப் பார்த்தான். காட்டுவதற்கு என்னிடம் பக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

ரெஜினா நிலத்தில் இருந்தபடியே அவனை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய குரல் மாறியது. "அப்ப மற்றதெல்லாம்? நல்லாச் சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன், ஒரு குறையுமில்லை, யோசிக்காதை எண்டு மாதாமாதம் எழுதினீங்களே. அது?"

அவன் சாப்பிட்ட லட்சணமும் எனக்குத் தெரியும், நித்திரை கொண்ட லட்சணமும் தெரியும். ஒரே அறையில் இருந்தவன் நான்.

சேவியர் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றான். "அதுவும் இடது கால்தான், ரெஜினா," என்றான்.

அவள் அவனுடைய காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அழுகைக்குள்ளேயே சிரித்தாள். நான் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பொய்க்குப் பெயர் இடது கால். பரீட்சை சுகம் என்று பிள்ளைகள் சொன்னால் ரெஜினா, "எந்தக் கால்?" என்பாள். சேவியர் உப்பைக் குறைத்துவிட்டேன் என்றால், இங்கே பிறந்த மகள் டெனிஷிலேயே, "எந்தக் கால், அப்பா?" என்று கேட்பாள். குளிர் தொடங்கினால் அவனுடைய வலது கால் நோகும். மாதா, தன்னிடம் சொன்ன காலைத்தான் சுகமாக்கினா, பிழை விலாசம் எழுதின அப்புக்காத்தைப் போய்க் கேளுங்கள் என்று ரெஜினா சொல்லுவாள். முப்பது வருடத்துக்கு மேலாக, எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதிரை தருவார்.

போன இலையுதிர்காலத்தில் ஒடென்சேயில் எனக்கு நெஞ்சில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு வந்த அன்று ரெஜினா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னவாம், அண்ணை?"

"சும்மா ஒரு செக்கப். ஒண்டுமில்லை, பிள்ளை. நல்லா இருக்கிறன்."



"எந்தக் கால், அண்ணை?"

நான் கதிரையில் இருந்தேன். மருத்துவர் சொன்னதை முழுக்கச் சொன்னேன். அடுத்த கிழமை நெஞ்சை வெட்டப்போகிறார்கள் என்பதையும் சொன்னேன். "எனக்குப் பயமாய்க் கிடக்கு," என்றேன். அதை அதுவரை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

"ஓம். இது வலது கால்," என்றாள் ரெஜினா. "நாங்கள் நாளைக்கு வாறம்."